பணமாக வந்து சோளமாகத் தங்கிய மானியம்: ஜஹீராபாத் தானிய நிதி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

விவசாய மானியம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, ஏக்கருக்கு எவ்வளவு என்பதுதான். நானும் அப்படிக் கேட்டுப் பழகியவன். கையில் காசு இல்லாமல் உழவு ஓட்ட முடியாது என்பதால் அது நியாயமான கேள்வியும்கூட. ஆனால் கூடவே இன்னொன்றையும் கேட்க வேண்டும் என்பதைத் தெலங்கானாவில் ஒரு வறண்ட பகுதியின் கதையைப் படித்த பிறகுதான் புரிந்துகொண்டேன். செலவான பிறகு அந்தப் பணம் எங்கே போய் நிற்கிறது? டிராக்டர் வாடகை, உரக்கடைப் பாக்கி, விதை பாக்கெட் என்று ஒரே பருவத்தில் ஊரைவிட்டு வெளியேறுகிறதா, இல்லை ஏதோ ஒரு உருவத்தில் ஊருக்குள்ளேயே சுற்றுகிறதா?

ஜஹீராபாத்தில் அது சுற்றியது. 1990களின் நடுவில் மத்திய அரசின் ஊரக வளர்ச்சி அமைச்சகத்திலிருந்து பணமாக வந்த உதவி, முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் சோளமாக மாறியது. அங்கேயே சேமிக்கப்பட்டு, அங்கேயே விற்கப்பட்டு, மறுபடி பணமாகி, மறுபடி நிலத்துக்குப் போனது. அதை நடத்தியவர்கள் ஓரிரண்டு ஏக்கர் நிலம் வைத்திருந்த ஏழைப் பெண்கள். பெரும்பாலோர் தலித்துகள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். இன்று சிறு விவசாயிகளுக்கான மானியத் திட்டம் எழுதுகிற ஒவ்வொருவரும் இந்தக் கதையை ஒருமுறை படித்துவிட்டு எழுதினால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்படுகிறேன். அதற்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

நிலம் இருந்தது, உழவில்லை

ஹைதராபாத்திலிருந்து மும்பை போகும் நெடுஞ்சாலையில் சுமார் நூறு கிலோமீட்டர் போனால் ஜஹீராபாத். கர்நாடக எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. அன்று ஆந்திரப் பிரதேசத்தின் மேதக் மாவட்டம், இன்று தெலங்கானாவின் சங்காரெட்டி மாவட்டம். செம்புறை கலந்த மேட்டு நிலம் நிறைய, ஆங்காங்கே கரிசல். பாசனம் குறைவு, வானம் பார்த்த பூமி. சோளம், தினை, சாமை, கம்பு, துவரை, மொச்சை, எள் எல்லாம் கலந்து விளைந்த இடம்.

ஆந்திரத்தில் 1973இல் வந்த நில உச்சவரம்புச் சட்டமும் அதை ஒட்டிய நில ஒதுக்கீடுகளும் நிலமில்லாத பல குடும்பங்களுக்கு ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று கொடுத்தன. கிடைத்ததில் பெரும்பகுதி கல்லும் சரளையுமான நிலம். பட்டா கையில் இருந்தது. ஆனால் உழ மாடு இல்லை, போட எரு இல்லை. முதல் மழை விழுந்து ஈரம் நிற்கும் அந்த ஏழெட்டு நாட்களில் ஊரில் இருக்கும் ஏர் எல்லாம் பெரிய விவசாயிகளின் நிலத்தில் இருக்கும். இந்தக் குடும்பங்களின் ஆணும் பெண்ணும் அந்த நாட்களில் அங்கேதான் கூலிக்குப் போவார்கள். தன் நிலத்துக்கு ஏர் கிடைக்கும்போது ஈரம் காய்ந்திருக்கும். ஒரு வருஷம் விட்டால் அடுத்த வருஷம் முள் ஏறும், மூன்றாம் வருஷம் அது தரிசு.

அப்புறம் ரேஷன் அரிசி. 1983இல் ஆந்திர அரசு கிலோ இரண்டு ரூபாய் அரிசித் திட்டத்தைக் கொண்டுவந்தது. பசித்த வயிற்றுக்கு அது பெரிய உதவி. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வறண்ட நிலத்து விவசாயிக்கு அதில் ஒரு சங்கடம் இருந்தது. இரண்டு ரூபாய்க்கு அரிசி கிடைக்கும்போது, பாடுபட்டு விளைவித்த சோளத்தை யார் வாங்குவார்கள்? அரிசி எங்கோ ஆற்றுப் பாசனத்தில் விளைந்து லாரியில் வந்தது. அந்த நெல்லுக்கான கொள்முதல் விலை, தண்ணீர், உரமானியம் எல்லாம் அங்கே போனது. சோளம் விளைந்த மேட்டு நிலத்துக்கு இதில் ஒரு பைசா வரவில்லை. ரேஷன் அரிசியோ மாதம் முழுவதற்கும் போதவில்லை. மழைக்காலத்தில் வீட்டில் இருந்த தானியம் தீர்ந்து, புதுசு வீட்டுக்கு வரும்வரை உள்ள மாதங்கள்தான் மிகக் கொடுமையானவை.

அதே 1983இல்தான் ஜஹீராபாத் அருகே பஸ்தாபூர் என்ற ஊரை மையமாக வைத்து டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி தொடங்கியது. தூர்தர்ஷனில் தயாரிப்பாளராக இருந்த பி.வி. சதீஷ் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2023 மார்ச்சில் அவர் காலமாகும்வரை அதுவே அவருடைய வாழ்க்கையாக இருந்தது. சொசைட்டி ஊர் ஊராகப் பெண்கள் குழுக்களை உண்டாக்கியது. அங்கேயும் அதற்குப் பெயர் 'சங்கம்'தான். கொஞ்சம் கொஞ்சமாகச் சேமிப்பது, சேர்ந்து நிலம் குத்தகைக்கு எடுப்பது, வரப்பு போடுவது என்று பத்து வருஷம் சின்னச் சின்ன வேலைகள் நடந்தன. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய மானியம் வருவதற்கு முன் அந்தப் பெண்கள் பத்து வருஷம் சேர்ந்து உட்கார்ந்து பேசிப் பழகியிருந்தார்கள். பணம் வந்த பிறகு அவசரமாகக் கூட்டிய குழு இல்லை அது.

1994: சோளத்துக்கு ஒரு ரேஷன்

சங்கப் பெண்கள் வைத்த யோசனை எளிமையானது. நம் நிலம் தரிசாகக் கிடக்கிறது, நம் வயிறு காய்கிறது, அரசு எங்கிருந்தோ அரிசி கொண்டுவந்து தருகிறது. அந்தச் செலவில் கொஞ்சத்தை நம் நிலத்தை உழக் கொடுத்தால், நம் ஊர் ரேஷனை நாமே விளைவித்துக்கொள்ள மாட்டோமா? ஊரிலேயே விளைந்து, ஊரிலேயே சேமித்து, ஊரிலேயே விநியோகிக்கும் மாற்றுப் பொது விநியோகம். 1994–95 வாக்கில் ஊரக வளர்ச்சி அமைச்சகம் இதற்கு நிதி கொடுத்தது.

பணம் எப்படிப் போனது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஏக்கருக்கு மூவாயிரம் ரூபாய்க்கும் குறைவான தொகை. அதுவும் மொத்தமாகக் கையில் தரப்படவில்லை. தவணையாக, வேலைக்கு ஏற்றபடி வந்தது. உழும்போது உழவுக்கு, எரு அடிக்கும்போது எருவுக்கு, விதைக்கும்போது விதைப்புக்கு, களையெடுக்கும்போது களைக்கூலிக்கு. ஒவ்வொரு ஊரிலும் சங்கத்துப் பெண்களில் சிலர் குழுவாக இருந்து, ஆளுக்கு இத்தனை ஏக்கர் என்று பிரித்துக்கொண்டார்கள். தன் பங்கில் வரும் நிலத்துக்குப் போய்ப் பார்ப்பது, உழவு ஆழமாக ஓடியதா, எரு உண்மையில் விழுந்ததா, களை எடுத்தார்களா என்று பார்ப்பது அவரவர் பொறுப்பு. வெளியூர் அதிகாரி வந்து போட்டோ எடுத்துப் போகும் சரிபார்ப்பு வேறு, பக்கத்து நிலத்துக்காரி வரப்பில் நின்று பார்ப்பது வேறு. எருக்குப்பை எத்தனை வண்டி என்பதைப் பக்கத்து நிலத்துக்காரியிடம் ஏமாற்ற முடியாது.

இந்தத் தொகையை விவசாயி திருப்பித் தர வேண்டும். பணமாக அல்ல, சோளமாக. அதுவும் ஒரே வருஷத்தில் இல்லை, சில ஆண்டுகளில், அறுவடைக்கு இவ்வளவு என்று. அப்படி வந்த தானியம் ஊரின் சமுதாய தானிய நிதிக்குப் போனது. ஆக, அமைச்சகத்தைப் பொறுத்தவரை அது மானியம், விவசாயியைப் பொறுத்தவரை தானியக் கடன், ஊரைப் பொறுத்தவரை முதலீடு. ஒரே பணம் மூன்று இடத்தில் மூன்று பெயரோடு நின்றது.

தானியமாக வாங்குவதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். யோசித்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் உயிரே அதில்தான். அறுவடை நேரத்தில் எல்லோரும் விற்பார்கள், விலை விழும். பணக்கடன் வாங்கியவர் அந்த நேரத்தில் அடிமாட்டு விலைக்கு மூட்டையை இறக்கித்தான் கடனை அடைக்க வேண்டும். விலை பாதியானால் அவருக்குக் கடன் இரண்டு மடங்கு ஆன மாதிரி. கிலோக் கணக்கில் கடன் இருந்தால் சந்தை விலை எப்படி ஆடினாலும் அவர் தர வேண்டிய மூட்டை அதேதான். அவர் சந்தைக்கே போக வேண்டாம். மறுபக்கம், அந்தத் தானியம் விலை ஏறுகிற மழைக்காலம்வரை ஊருக்குள் காத்திருக்கிறது. வட்டிக்குத் தானியம் கொடுத்து அறுவடையில் ஒன்றுக்கு ஒன்றரையாக வாங்கும் பழக்கம் நம் கிராமங்களுக்குப் புதிதில்லை. அந்த லாபம் இத்தனை காலம் களத்துமேட்டில் காத்திருந்த ஒருவருடைய வீட்டுக்குப் போனது. இங்கே அது ஊரின் பொதுக் கணக்குக்குப் போனது.

யார் ஏழை?

தானியம் சேர்ந்தாயிற்று. அதை யாருக்கு, எவ்வளவு கொடுப்பது? இந்த இடத்தில் அந்தப் பெண்கள் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஊர் நடுவில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், தரையில் ஊரின் படத்தை வரைந்தார்கள். நாம் கோலப்பொடி வைத்துப் போடுகிற மாதிரி, பொடிகளால் தெருக்கள், அதில் வீடுகள். அப்புறம் ஒவ்வொரு வீடாக எடுத்துப் பேச்சு. இந்த வீட்டில் நிலம் எவ்வளவு, மாடு இருக்கிறதா, சம்பாதிக்கும் கை எத்தனை, உட்கார்ந்து சாப்பிடும் வயிறு எத்தனை? புருஷன் இல்லாத வீடா, நோயாளி இருக்கிற வீடா? பேசிப் பேசி, மிக ஏழை, ஏழை, கொஞ்சம் தேவலாம் என்று படிப்படியாக வீடுகளைக் குறித்தார்கள். சொந்தக்காரி என்பதற்காக ஒரு வீட்டைக் கீழே இறக்கினால், எதிரே உட்கார்ந்திருப்பவள் உடனே கேட்பாள். அந்த வரிசைப்படி சோள அட்டை. மிக ஏழை வீட்டுக்கு மாதம் அதிகக் கிலோ, அடுத்த படிக்குக் கொஞ்சம் குறைவு.

1997இல் நாடு முழுவதும் இலக்கு நோக்கிய பொது விநியோகம் வந்தது. வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. வேண்டியவர் விடுபட்டதும் வேண்டாதவர் சேர்ந்ததும் அந்தப் பட்டியல்களின் தீராத பிரச்சினை. அதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பே ஜஹீராபாத் ஊர்களில் இந்த வேலை ஒரு பகல் பொழுதில், தரையில், ஒரு கோப்பும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

தானியத்தை மழைக்கால மாதங்களில் சந்தை விலையைவிட நன்றாகக் குறைத்து விற்றார்கள். இலவசமாகக் கொடுக்கவில்லை. விற்ற பணம் வங்கியில் அந்த ஊரின் கணக்கில் விழுந்தது. அடுத்த வருஷம் இன்னொரு தரிசை உழ அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

மூங்கில் கூடையும் வேப்பிலையும்

சேமிப்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். அரசுக் கிடங்கு மாதிரி சிமெண்ட் கட்டடம் எதுவும் இல்லை. ஆளுயர மூங்கில் கூடை. அதன் உள்ளும் புறமும் மண்ணும் சாணியும் குழைத்துப் பூசி, வெயிலில் நன்றாகக் காய வைப்பார்கள். தானியத்தோடு வேப்பிலையும் சாம்பலும் சேரும். நிரம்பியதும் வாயை மண் பூசி அடைத்துவிடுவார்கள். காற்று போகாது, பூச்சி வராது. விதைக்கும் இதே முறைதான், கூடை மட்டும் சின்னது.

படித்தபோது எனக்கு எங்கள் அப்பத்தா வீட்டில் தானியம் கொட்டி வைக்கும் குதிர் ஞாபகம் வந்தது. அடியில் ஒரு ஓட்டை, அதில் துணி திணித்திருக்கும். துணியை உருவினால் கம்பு சரசரவென்று முறத்தில் கொட்டும். விட்டால் வீடெல்லாம் நிரம்பிவிடும் போல் இருக்கும். நான் பள்ளி முடிப்பதற்குள் அந்தக் குதிரை உடைத்துவிட்டு அந்த மூலையில் பீரோ வைத்தார்கள். கம்பு விதைப்பதை நிறுத்தியதும் குதிருக்கு வேலை இல்லை. ஒரு பயிர் போனால் அதோடு ஒரு பாத்திரமும், அதைச் செய்யத் தெரிந்த கையும் போய்விடுகிறது. ஜஹீராபாத்தில் மானியம் அந்தக் கைகளுக்கும் வேலை கொடுத்தது. எந்தத் திட்ட அறிக்கையிலும் 'கூடை பூசுதல்' என்று ஒரு தலைப்பு இருக்காது. ஆனால் சேமிப்புத் தெரிந்த கிழவி இல்லாமல் இந்தத் தானிய நிதி ஒரு மழைக்காலம்கூடத் தாங்கியிருக்காது.

கணக்கு என்ன சொல்கிறது

முதல் சுற்றில் 2,675 ஏக்கர் தரிசும் அரைத்தரிசும் உழவுக்கு வந்தது. முதல் வருஷத்திலேயே எட்டு லட்சம் கிலோவுக்கு மேல் கூடுதலாகச் சோளம் கிடைத்தது என்பது சொசைட்டி சொல்லும் கணக்கு. வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்குச் சுமார் 300 கிலோ. பாசன நிலத்து விவசாயி இதைக் கேட்டால் இது ஒரு மகசூலா என்பார். ஆனால் முந்தின வருஷம் அந்த நிலத்தில் விளைந்தது மிகக் கொஞ்சம். ரசாயன உரம் இல்லை, பாசனம் இல்லை, பூச்சிமருந்து இல்லை. தரிசு நிலத்தில் 300 கிலோ என்பது, ஒரு வேளைக்குக் கால் கிலோவுக்குச் சற்று மேல் என்று வைத்தால், ஆயிரம் வேளைச் சாப்பாட்டுக்கு மேல் வருகிறது. முப்பது ஊருக்கும் சேர்த்து முப்பது லட்சம் வேளை.

சோளத்தை மட்டும் எண்ணினால் பாதிக் கணக்குத்தான். சோளத்தட்டை ஆயிரக்கணக்கான மாடுகளுக்குத் தீவனமானது. மாடு இருந்தால் எரு, எரு இருந்தால் அடுத்த வருஷ உழவுக்கு உரம். களையெடுக்கவும் அறுக்கவும் ஊருக்குள்ளேயே கூலி வேலை உண்டானது. சோளத்தின் ஊடே துவரை, மொச்சை, எள், புளிச்சை என்று கலந்து விதைத்ததால் வீட்டுக்கு வேண்டிய பருப்பும் எண்ணெயும் அதே நிலத்தில் வந்தன. ஒரு பயிர் மழையில் தவறினாலும் இன்னொன்று நின்றது.

யாரும் விதைக்காத இன்னொரு விளைச்சலும் உண்டு. களைக்கொல்லி அடிக்காத அந்த நிலங்களில் தானாக முளைக்கும் கீரைகள். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, தும்பை என்று நம் மானாவாரிக் காட்டிலும் மழைக்கு முளைப்பவைதான். வேளாண் புத்தகத்தில் இவை களை. அந்தப் பெண்களுக்கு இவை குழம்பு. நிலம் இல்லாதவர்களும் வந்து பறித்துக்கொள்ளலாம், யாரும் தடுப்பதில்லை. இரும்புச்சத்து மாத்திரைக்கு ஒரு மானியம், களைக்கொல்லிக்கு இன்னொரு மானியம் என்று கொடுக்கிற நாட்டில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விதைக்கும் தனியாக ஒரு நிதி உண்டானது. சங்கத்திலிருந்து விதை வாங்கியவர் அறுவடையில் அதைவிடக் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும். விதைக்கு விலை வைப்பதில்லை. நம் திருவாரூர்ப் பக்கம் நெல் ஜெயராமன் இரண்டு கிலோ பாரம்பரிய நெல் விதையைக் கொடுத்து, அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தரச் சொன்ன அதே முறை. ஒருவரை ஒருவர் பார்த்துச் செய்ததாகத் தெரியவில்லை. உழுகிறவர்கள் எங்கே இருந்தாலும் இப்படித்தான் யோசிப்பார்கள் போலிருக்கிறது.

எங்கே இடறியது

இதுவரை சொன்னது நல்ல பக்கம். இப்போது மறுபக்கம்.

முதல் சிக்கல் அரிசிதான். ரேஷன் அரிசியின் விலை வருஷத்துக்கு வருஷம் இறங்கியது. 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி மூன்று ரூபாய், கோதுமை இரண்டு ரூபாய், சிறுதானியம் ஒரு ரூபாய். சட்டத்தில் சிறுதானியத்தின் பெயர் இடம்பெற்றதே பெரிய வெற்றி. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் சொசைட்டி முன்னணியில் தொடங்கிய இந்தியச் சிறுதானிய வலையமைப்பும் ஒன்று. ஆனால் நடைமுறையில் கடைக்கு வந்தது பெரும்பாலும் அரிசிதான். 2023 ஜனவரியிலிருந்து அதுவும் இலவசம். ஊர்ப் பெண்கள் நடத்தும் ஒரு தானிய நிதி, நாட்டின் கருவூலத்தோடு விலையில் போட்டிபோட முடியாது.

இரண்டாவது, நிலத்தின் மேல் வரும் நெருக்கடி. கரும்பு, பருத்தி, இஞ்சி, சோயா என்று பணப்பயிர்கள் ஒருபுறம். ஜஹீராபாத்தை ஒட்டிப் பன்னிரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்து அமைக்கத் திட்டமிட்ட தேசிய முதலீட்டு உற்பத்தி மண்டலம் என்ற தொழிற்பகுதி மறுபுறம். இருபது வருஷம் எரு போட்டுத் தேற்றிய நிலத்துக்கு, கையகப்படுத்தும் அலுவலகத்தில் 'வறண்ட நிலம்' என்ற ஒற்றைப் பெயர்தான்.

மூன்றாவது கொஞ்சம் சங்கடமான விஷயம். இந்த முயற்சிக்குப் பின்னால் ஒரு தொண்டு நிறுவனத்தின் நீண்ட கால உழைப்பு இருந்தது. எழுதவும் பேசவும் அமைச்சகக் கதவைத் தட்டவும் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அது இல்லாத ஊரில் இதை அப்படியே நட்டால் முளைக்குமா? என் கருத்து, பத்து வருஷப் பழக்கம் இல்லாமல் முளைக்காது. இந்தப் பகுதியை நகல் எடுக்க முடியாது. ஒவ்வொரு ஊரும் அதற்கான காலத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அங்கீகாரம் வராமல் போகவில்லை. 2019இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் வழங்கும் ஈக்குவேட்டர் பரிசு சொசைட்டிக்குக் கிடைத்தது. 2008இல் தொடங்கிய 'சங்கம் ரேடியோ' இன்றும் அந்தப் பெண்களின் குரலில்தான் பேசுகிறது. ஆனால் அமைச்சகம் கொடுத்த அந்த மானிய முறை, ஊருக்கு ஊர் பரவும் அரசுத் திட்டமாக ஆகவில்லை. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இன்றைய மானியங்களை இதன் பக்கத்தில் வைத்தால்

இன்று இயற்கை விவசாயத்துக்கான முக்கியமான மத்திய திட்டம், 2015–16இல் வந்த பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா. வடகிழக்கு மாநிலங்களைத் தவிர, தமிழ்நாடு உட்பட மற்ற மாநிலங்களில் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு. இப்போதைய விதிப்படி மூன்று வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 31,500 ரூபாய். இதில் இடுபொருளுக்காக விவசாயியின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போவது 15,000. மீதி பயிற்சி, சான்றிதழ், சந்தைப்படுத்தல் ஆகியவற்றுக்கு. ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு ஹெக்டேர்.

15,000 ரூபாயை மூன்று வருஷத்துக்கும் ஏக்கருக்குமாகப் பிரித்தால், ஏக்கருக்கு வருஷம் சுமார் 2,000 ரூபாய். ஒரு டிராக்டர் எரு வாங்கி இறக்கினால் தீர்ந்துவிடும். ஜஹீராபாத்தில் முப்பது வருஷத்துக்கு முன் கொடுத்த தொகையோடு ஒப்பிட்டால், விலைவாசியைக் கணக்கில் எடுத்தால், இது மிகவும் குறைவு. மறுபக்கத் தராசில் ரசாயன உரமானியம் இருக்கிறது. 2022–23இல் மட்டும் அதற்கு மத்திய அரசு செலவிட்டது சுமார் இரண்டரை லட்சம் கோடி. இயற்கை விவசாயத் திட்டத்துக்கு ஒரு வருஷத்தில் கிடைப்பது சில நூறு கோடிகள். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கடையில் கிடைக்கும்போது, தொழுவுரத்துக்கு வண்டி வாடகை கொடுத்து மாறச் சொன்னால் ஐந்து ஏக்கருக்குள் வைத்திருப்பவர் எப்படி மாறுவார்?

தொகையைவிட எனக்கு உறுத்துவது நேரம். ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறோம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி, ஒதுக்கீடு இறங்கி, பட்டியல் சரிபார்த்து, கணக்கில் பணம் விழும்போது ஆடி போயிருக்கும், ஆவணியும் போயிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு மானாவாரிக் குழுவில், எந்தத் திட்டம் என்று சொல்ல வேண்டாம், பசுந்தாள் உர விதைக்கான பணம் அறுவடை முடிந்த பிறகு வந்தது. பணம் வந்ததில் சந்தோஷம்தான், ஆனால் அந்த வருஷ மண்ணுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தக்கைப்பூண்டைத் தை மாதத்தில் விதைத்து மடக்கி உழ முடியுமா? ஜஹீராபாத்தில் தவணை, பயிரின் நாளைப் பார்த்து வந்தது. அதற்குக் காரணம், பணம் ஏற்கெனவே ஊரின் கணக்கில் இருந்தது, எடுத்துக் கொடுக்கும் உரிமை அங்கேயே இருந்தவர்களிடம் இருந்தது.

நல்ல அறிகுறிகளும் உண்டு. பரம்பராகத் திட்டத்தின் சான்றிதழுக்குப் பயன்படும் பி.ஜி.எஸ். என்கிற பங்கேற்பு உறுதி முறையில் ஒரு விவசாயியின் நிலத்தைச் சக விவசாயிகளே பார்த்து உறுதி சொல்கிறார்கள். பெரும் செலவு வைக்கும் மூன்றாம் தரப்புச் சான்றிதழைவிட இது சிறு விவசாயிக்கு எட்டக்கூடியது. வரப்பில் நிற்கும் பக்கத்து நிலத்துக்காரியின் கண் அரசு விதியில் நுழைந்திருக்கிறது என்றே இதைப் பார்க்கிறேன். ஒடிசா 2017இல் சிறுதானியத் திட்டம் தொடங்கி, கேழ்வரகை ஆதரவு விலைக்கு வாங்கி ரேஷனிலும் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2023 மே மாதத்திலிருந்து நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு ரேஷனில் கிடைக்கத் தொடங்கியது. தருமபுரி விவசாயி விளைத்த கேழ்வரகைத் தருமபுரி வீடு ரேஷனில் வாங்கிச் சாப்பிடுவது என்பது, 1994இல் அந்தப் பெண்கள் கேட்டதற்கு மிகப் பக்கத்தில் வருகிறது.

குழுவாகச் சேர்ந்து மானியத்துக்கு விண்ணப்பிக்கப் போகிற நண்பர்களுக்கு இதிலிருந்து நான் சொல்வது மூன்று விஷயம்தான். வரும் தொகையில் ஒரு பங்கையாவது ஊரில் விதையாகவோ தானியமாகவோ எருவாகவோ திரும்பி வருகிற மாதிரி எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் செலவாகித் தீர்கிற திட்டத்துக்கு மூன்றாம் வருஷத்தோடு ஆயுசு முடிந்துவிடும். தவணைத் தேதியைப் பட்டத்தோடு கட்டிப் போடுங்கள், அதற்காக அலுவலகத்தில் சண்டை போட வேண்டியிருந்தாலும் போடுங்கள். சேமிப்புக்கு இடம் கட்டும்முன், சேமிக்கத் தெரிந்த பெரியவர்கள் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள்.

ஜஹீராபாத் பக்கம் வருஷாவருஷம் சங்கராந்தியையொட்டிப் பல்லுயிர்த் திருவிழா நடக்கிறது. மாட்டு வண்டிகளை அலங்கரித்து, மண் பூசிய கூடைகளில் தங்கள் விதைகளை ஏற்றிக்கொண்டு, ஒரு மாதம்போல் ஊர் ஊராகப் போகிறார்கள். ஊர் எல்லையில் பாட்டும் மேளமும் வரவேற்கும். வண்டி நின்றதும் பெண்கள் கூடைகளைச் சூழ்ந்துகொண்டு, கையை உள்ளே விட்டு விதையை அள்ளிப் பார்ப்பார்கள். பச்ச ஜொன்ன என்கிற மஞ்சள் சோளம் அந்தக் கூடைகளில் இருக்கும். 1990களின் தரிசில் முதலில் இறங்கிய பயிர் சோளம்தான்.